பக்கத்து சீட்டின் தப்புக்கணக்கு

ஈரோடு பேருந்து நிலையத்திலிருந்து கோபி வண்டி கிளம்புகிறது. மூன்று பேர் உட்காரும் சீட்டில் மூன்று பேர். ஓரத்தில் இருப்பவர் செல்போனைத் தடவிக்கொண்டிருக்கிறார். நடுவில் இருப்பவர் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்தபடி கண்ணை மூடியிருக்கிறார். ஜன்னலோரத்துக்காரர் வெளியே பார்க்கிறார். தோளோடு தோள் உரசுகிறது, ஒருவருடைய கால் இன்னொருவருடைய பையின் மேல் இருக்கிறது, ஆனால் சித்தோடு வரும்வரை ஒரு வார்த்தை இல்லை.

சித்தோடு தாண்டியதும் 'டமார்' என்று ஒரு சத்தம். பின்சக்கரம் போய்விட்டது. எல்லோரும் இறங்கி ரோட்டோரப் புளியமர நிழலில் நிற்கிறார்கள். "என்னாச்சுங்க?" "டயரு போயிருச்சாட்ட இருக்குதுங்க." "அடுத்த வண்டி எப்பங்க வரும்?" "நேத்தும் இதே வண்டிதானுங்க நின்னு போச்சு." கால் மணி நேரம் போவதற்குள் ஒருவர் இன்னொருவரிடம் மஞ்சள் விலையைப் பற்றிப் புலம்புகிறார். இருவர் சேர்ந்து டீக்கடை தேடிப் போகிறார்கள். ஒரு அம்மா, முன்பின் தெரியாத ஒரு கல்லூரிப் பெண்ணுக்கு ஆரஞ்சுச் சுளை கொடுக்கிறார்.

ஆட்கள் மாறவில்லை, போகும் ஊர் மாறவில்லை. மாறியது டயர் மட்டும். பேருந்தில் அடிக்கடி போகிற எவருக்கும் இந்தக் காட்சி புதிதில்லை. ஏன் இப்படி என்று ஒரு தடவையாவது யோசித்தும் இருப்பார்கள். பஞ்சரான பிறகு இத்தனை ஆசையாகப் பேசுகிறவர்கள் அதற்கு முன்னால் ஏன் வாயைத் திறக்கவில்லை?

பார்த்தும் பாராமல்

எர்விங் காஃப்மன் என்ற சமூகவியலாளர் 1963-இல், பொது இடங்களில் மனிதர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று ஒரு புத்தகம் எழுதினார். தெருவில், லிப்டில், ரயில்பெட்டியில் நாமெல்லாம் அறியாமலே செய்கிற ஒன்றை அவர் கவனித்தார். எதிரே வருபவரை ஒரு கணம் பார்க்கிறோம், 'நீ இருப்பது தெரியும்' என்று காட்டுவதற்கு. உடனே பார்வையை விலக்கிக்கொள்கிறோம், 'உன்னிடம் எனக்கு ஒன்றும் வேண்டாம்' என்று காட்டுவதற்கு. இதை நாம் 'நாகரிகப் பாராமுகம்' என்று அழைக்கலாம்.

இது அகம்பாவத்தால் வருவதில்லை. சந்தை நாளில் ஈரோடு மணிக்கூண்டுப் பக்கம் எதிரே வருகிற அத்தனை பேரிடமும் நின்று நலம் விசாரித்தால் பொழுதுக்குள் பன்னீர்செல்வம் பூங்காவைக்கூடத் தாண்ட முடியாது. அடுத்தவரை அவர் பாட்டுக்கு விடுவது கூட்டத்தில் வாழ்கிறவர்கள் ஒருவருக்கொருவர் செய்துகொள்ளும் உபகாரம். சிக்கல் எங்கே வருகிறதென்றால், இந்த உபகாரத்தைச் செய்கிறவரும் பெறுகிறவரும் அதை வெவ்வேறாகப் படித்துக்கொள்கிறார்கள். நான் பேசாமல் இருப்பது மரியாதைக்காக என்று எனக்குத் தெரியும். அவர் பேசாமல் இருப்பதை மட்டும், 'அவருக்குப் பேச இஷ்டமில்லை' என்று எடுத்துக்கொள்கிறேன்.

சிகாகோ ரயிலில் ஒரு சோதனை

இதைச் சோதித்துப் பார்த்தவர்கள் நிக்கலஸ் எப்லி, ஜூலியானா ஷ்ரோடர் என்ற இரண்டு உளவியலாளர்கள். சிகாகோ நகருக்குத் தினமும் வேலைக்குப் போகிற புறநகர் ரயில் பயணிகளிடம் அவர்கள் செய்த சோதனை 2014-இல் வெளியானது. பயணிகளை மூன்று கூட்டமாகப் பிரித்தார்கள். ஒரு கூட்டத்தாரிடம், இன்று பக்கத்தில் உட்காரும் புதியவரோடு பேச்சுக் கொடுங்கள் என்றார்கள். இன்னொரு கூட்டத்தாரிடம், யாரோடும் பேசாமல் தனியாக இருங்கள் என்றார்கள். மூன்றாவது கூட்டம் வழக்கம்போலப் போகலாம். இறங்கும்போது பயணம் எப்படி இருந்தது என்று எழுதித் தரவேண்டும். இதே சூழ்நிலையை வேறு சில பயணிகளிடம் வாய்வார்த்தையாகச் சொல்லி, எது இனிமையாக இருக்கும் என்று ஊகிக்கவும் கேட்டார்கள்.

ஊகித்தவர்கள் சொன்னது நாமெல்லாம் சொல்லக்கூடியதுதான்: தனியாகப் போனால் நிம்மதி, புதியவரிடம் பேசப் போனால் தொல்லை. உண்மையில் பயணம் செய்தவர்கள் எழுதியது நேர்தலைகீழ். பேசியவர்கள்தான் பயணம் இனிமையாக இருந்தது என்றார்கள், தனியாக இருந்தவர்கள் கடைசியில் வந்தார்கள்.

சோதனையில் இன்னொரு செய்தியும் இருக்கிறது, எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. ரயிலில் இருக்கும் மற்றவர்களில் எத்தனை பேர் பேச விரும்புவார்கள் என்று கேட்டபோது, பாதிக்கும் குறைவு என்று பயணிகள் கணித்தார்கள். ஆனால் பேச்சுக் கொடுக்கச் சொல்லி அனுப்பப்பட்டவர்களில், எதிராளி முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. பிறகு லண்டன் புறநகர் ரயில்களில் இதே சோதனையைச் செய்தபோதும் முடிவு ஏறக்குறைய இப்படித்தான் வந்தது. ரயிலில் வாய் திறக்காதவர்கள் என்று பேர் வாங்கிய ஊர் அது.

சிகாகோவை அப்படியே சித்தோட்டுக்குக் கொண்டுவந்துவிட முடியாது. அங்கே புத்தகத்தை விரித்துக்கொண்டு தனியாக இருப்பது ஒரு வழக்கம். இங்கே ரயிலில் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்தால் எதிர்சீட்டுக்காரரிடம் "சாப்பிடறீங்களா?" என்று கேட்காமல் முதல் வாய் வைக்கக் கூச்சப்படுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆனால் தயக்கத்தின் அடியில் இருக்கும் கணக்கு இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

தப்புக்கணக்கு

ஒரு கூட்டத்தில் ஒவ்வொருவருக்கும் மனதுக்குள் ஒரே எண்ணம்தான் இருக்கிறது. ஆனால் மற்றவர்களின் எண்ணம் வேறு என்று ஒவ்வொருவரும் நினைக்கிறார்கள், அதனால் யாருமே தம் எண்ணத்தை வெளியே காட்டுவதில்லை. வகுப்பில் பாடம் புரியாமல் ஐம்பது பேர் இருப்பார்கள், சந்தேகம் கேட்க ஒரு கையும் உயராது, ஒவ்வொருவரும் 'மற்ற 49 பேருக்கும் புரிந்துவிட்டது' என்று நினைப்பார்கள். சமூக உளவியலில் இதற்கு நீண்ட நாளாக ஒரு பெயர் உண்டு. நாம் 'கூட்டுத் தப்புக்கணக்கு' என்று வைத்துக்கொள்வோம். பேருந்தின் மௌனமும் இந்த வகைதான்.

நாள்பட நாள்பட இந்த மௌனம் இறுகவும் செய்யும். 1972-இல் ஸ்டான்லி மில்கிராம் என்ற அமெரிக்க உளவியலாளர் புறநகர் ரயில் நிலையங்களில் ஒரு வேலை செய்தார். காலையில் நடைமேடையில் நிற்பவர்களைப் படம் எடுத்து, பிறகொரு நாள் அதே பயணிகளிடம் அந்தப் படத்தைக் கொடுத்தார். சராசரியாக ஒவ்வொருவரும் நான்கு முகங்களைக் காட்டி, 'இவரைத் தினமும் பார்க்கிறேன், ஆனால் ஒரு நாளும் பேசியதில்லை' என்றார்கள். சீசன் டிக்கெட் எடுத்து ஈரோட்டிலிருந்து திருப்பூருக்கும் கோவைக்கும் தினமும் போகிறவர்களைக் கேட்டாலும் இப்படி நாலு முகமாவது தேறும். முதல் நாளே பேசியிருந்தால் சுலபம். மூன்று வருடம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுத் திடீரென்று ஒரு நாள் "எங்கீங்க வேலை?" என்று கேட்பது எத்தனை சங்கடம்!

ஆனால் அதே முகத்தை மும்பை தாதர் ஸ்டேஷனில் பார்த்தால்? ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொள்வோம். மில்கிராமும் இதைச் சொல்லியிருக்கிறார்: வழக்கமான இடத்தை விட்டு எவ்வளவு தூரம் போகிறோமோ, அந்த அளவுக்கு இந்தப் 'பழகிய அந்நியர்கள்' பேசிக்கொள்ளும் வாய்ப்பு கூடும். வழக்கத்தைக் குலைக்கும் சம்பவங்களும் அதே வேலையைச் செய்யும்.

டயர் புதிரின் முடிச்சு இங்கே அவிழ்கிறது. வண்டி நின்ற கணத்தில் இரண்டு நடந்துவிடுகின்றன. ஒன்று, என்ன பேசுவது என்ற கேள்வி தீர்கிறது, கண்ணெதிரே எல்லோருக்கும் பொதுவான ஒரு விஷயம் கிடக்கிறது. இரண்டாவது, இப்போது பேச்சுக் கொடுத்தால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்பது எல்லோருக்கும் தெரிகிறது, மற்றவர்களுக்கும் அது தெரியும் என்பதும் தெரிகிறது. பேசும் ஆசை புதிதாக முளைக்கவில்லை. சித்தோடு வரை அது சீட்டிலேயே உட்கார்ந்துதான் வந்தது.

கோவை மாவட்டத்துக் கிராமமும் இரண்டு முகமும்

டயர் வெடிக்காத நாளில் என்ன செய்வது? ஒருவர் முதலில் வாய் திறந்தாக வேண்டும். அதில் இருக்கும் ஆபத்தையும் அதைச் சமாளிக்கும் வழியையும் விளக்குகிற கோட்பாட்டுக்கு நம் ஊர்ப் பேச்சும் ஒரு மூலப்பொருள் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

பெனலோப் பிரவுன், ஸ்டீவன் லெவின்சன் ஆகிய இரு மொழியியலாளர்கள், மனிதர்கள் ஏன் பணிவாகப் பேசுகிறார்கள் என்று 1978-இல் நீண்ட ஆய்வு ஒன்றை வெளியிட்டார்கள். 1987-இல் அது தனிப் புத்தகமாக வந்தது. இன்றுவரை உலகமெங்கும் இந்தத் துறையில் அதைத் தொடாமல் யாரும் எழுத முடியாது. அவர்கள் ஒப்பிட்டது மூன்று மொழிகளை: ஆங்கிலம், மெக்சிகோவின் பழங்குடி மொழியான செல்தால், தமிழ். அந்தத் தமிழ், கோவை மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் லெவின்சன் தங்கிக் கேட்ட பேச்சு. ஈரோடும் அன்று கோவை மாவட்டத்தில்தான் இருந்தது, பெரியார் மாவட்டமாகப் பிரிந்தது 1979-இல்.

அவர்கள் சொன்னது இது. ஒவ்வொருவருக்கும் காப்பாற்றிக்கொள்ள இரண்டு முகம் இருக்கிறது. மற்றவர்கள் என்னை மதிக்கவேண்டும், தங்களில் ஒருவனாகச் சேர்த்துக்கொள்ளவேண்டும் என்று ஆசைப்படுவது ஒன்று. இதை 'ஒட்டும் முகம்' என்போம். என்னை யாரும் தொந்தரவு செய்யக்கூடாது, என் போக்கில் விடவேண்டும் என்பது இன்னொன்று. இது 'ஒதுங்கும் முகம்'. புதியவரிடம் வாய் திறக்கும்போது இரண்டுமே ஆபத்தில் இருக்கின்றன. அவருடைய ஒதுங்கும் முகத்தில் நான் இடிக்கக்கூடும். அவர் பதில் சொல்லாவிட்டால் என் ஒட்டும் முகம் அடிபடும். 'மூஞ்சில அடிச்ச மாதிரி' என்று நாம் சொல்வது இதைத்தான்.

கோபி வண்டியில் கேட்கும் பேச்சை இந்தக் கண்ணாடி போட்டுப் பார்த்தால் பல விஷயம் தெளிவாகிறது. கொங்குப் பேச்சில் 'ங்க' ஒட்டாத வாக்கியத்தைப் புதியவரிடம் பேசுவதே கஷ்டம். "ஆமாங்க", "இல்லீங்க", "தெரியலீங்க". அறுபது வயதுப் பெரியவர் இருபது வயதுப் பையனிடம் "நீங்க எதுவரைக்குங்க?" என்று கேட்பார். தமிழ்நாட்டின் மற்ற பகுதிக்காரர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பதுண்டு. ஆனால் அது வெறும் அலங்காரம் இல்லை. ஒவ்வொரு 'ங்க'வும் ஒதுங்கும் முகத்துக்குக் கொடுக்கிற மரியாதை. கூடவே "ஏனுங் தம்பி", "ஏங் கண்ணு" என்று ஒரு முறைப்பெயரையும் சேர்த்துவிட்டால் ஒட்டும் முகத்துக்கும் கவனிப்பு ஆயிற்று. ஒரே மூச்சில் எட்ட நிறுத்தி, கிட்டவும் இழுக்கிற பேச்சு.

இந்தக் கோட்பாட்டுக்கு எதிர்ப்பும் உண்டு. ஒதுங்கும் முகத்துக்கு இத்தனை இடம் கொடுப்பது மேலைநாட்டுத் தனிமனிதப் பார்வை, எங்கள் ஊருக்குச் சரிவராது என்று ஜப்பானிய மொழியியலாளர் யோஷிகோ மட்சுமோட்டோ 1988-இல் வாதிட்டார். அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. "எங்கீங்க போறீங்க?" என்ற கேள்வியைச் சிகாகோவில் கேட்டால் உளவு பார்ப்பதாக நினைப்பார்கள். இங்கே அது வணக்கம் சொல்வதற்குச் சமம்.

எந்தூருங்க?

இப்போது ஒரு மாதிரி உரையாடலை எடுத்துக்கொண்டு பிரித்துப் பார்ப்போம். ஒருவர் மஞ்சளை மார்க்கெட்டில் போட்டுவிட்டுத் திரும்பும் பெரியவர். மற்றவர் ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் இளைஞர்.

"ஏனுங் தம்பி, இது கவுந்தப்பாடில நிக்குமுங்களா?"

"நிக்குமுங்க."

"நீங்க எதுவரைக்குங்க?"

"கோபிங்க."

"கோபில எங்கீங்க?"

"கோபி இல்லீங்க, கூகலூரு. கோபில எறங்கி டவுன்பஸ் புடிக்கோணும்."

"அட, கூகலூருங்களா! எங்க மச்சினன் அங்கதான் ஒரக்கடை வெச்சிருக்கறாப்ல."

"கோயலுகிட்ட இருக்கற கடைங்களா? அவரு பையனும் நானும் ஒட்டுக்காப் படிச்சமுங்க!"

முதல் கேள்வியைப் பாருங்கள். வண்டி கவுந்தப்பாடியில் நிற்கும் என்பது பெரியவருக்குத் தெரியும். வாரத்துக்கு இரண்டு தடவை போகிற பாதை, கண்டக்டரும் இப்போதுதான் டிக்கெட் கிழித்துக் கொடுத்துவிட்டுப் போனார். ஆனாலும் கேட்கிறார், ஏனென்றால் இதைவிடச் செலவில்லாத கேள்வி கிடையாது. யாருக்கும் பதில் தெரியும். பதில் சொல்ல ஒரு சொல் போதும். அதோடு முடித்துக்கொள்ள விரும்பினால் "நிக்குமுங்க" என்று சொல்லிவிட்டு இளைஞர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்ளலாம், யாருக்கும் முகம் கோணாது. கதவைத் தட்டிவிட்டு இரண்டு எட்டுப் பின்னால் தள்ளி நிற்பது மாதிரி.

கடைசி இரண்டு வரியில் நடந்ததுதான் எல்லோரையும் வியக்க வைக்கும். யாரோ இரண்டு பேர், எட்டே பேச்சில் இருவருக்கும் தெரிந்த ஒருவரைக் கண்டுபிடித்துவிட்டார்கள். 'உலகம் எவ்வளவு சின்னது' என்று அசந்துபோவோம். இதில் எவ்வளவு அதிசயம் இருக்கிறது என்று கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். கணிதமேதை ராமானுஜன் பிறந்த ஈரோட்டில் இருந்துகொண்டு ஒரு பெருக்கலுக்குப் பயப்படக்கூடாது.

2011 கணக்கெடுப்பின்படி ஈரோடு மாவட்ட மக்கள்தொகை சுமார் 22 இலட்சத்து 50 ஆயிரம். ஒரு மனிதருக்கு எத்தனை பேரைத் தெரிந்திருக்கும்? பிரிட்டிஷ் மானுடவியலாளர் ராபின் டன்பார் மனிதத் தொடர்புகளை அடுக்கடுக்காகப் பிரிக்கிறார். உயிருக்கு நெருக்கமானவர்கள் ஐந்து பேர், நல்லது கெட்டதுக்கு வந்து நிற்பவர்கள் 150 பேர், பார்த்தால் பெயர் சொல்லக்கூடியவர்கள் சுமார் 1,500 பேர். இந்த 1,500 பேரும் மாவட்டத்துக்குள்ளேயே இருப்பதாக வைத்துக்கொள்வோம்.

22,50,000-ஐ 1,500-ஆல் வகுத்தால் 1,500 வருகிறது. அதாவது மாவட்டத்தில் 1,500 பேருக்கு ஒருவர் வீதம் பெரியவருக்குத் தெரிந்தவர். இளைஞருக்குத் தெரிந்தவர்கள் 1,500 பேர். அந்த 1,500 பேருக்குள் பெரியவருக்கும் தெரிந்தவர் எத்தனை பேர் இருப்பார்? சராசரியாக ஒருவர்!

சராசரி ஒன்று என்றால் எல்லா ஜோடிக்கும் ஒருவர் கிடைப்பார் என்று அர்த்தமில்லை. சிலருக்கு இரண்டு மூன்று கிடைக்கும், சிலருக்கு ஒன்றுமே கிடைக்காது. சீட்டுக் குலுக்கிப் போட்ட மாதிரி தொடர்புகள் சிதறிக் கிடந்தால், 100 ஜோடிகளில் சுமார் 63 ஜோடிக்குக் குறைந்தது ஒரு பொது ஆள் இருப்பார். ஆக, அதிசயம் எதுவும் நடக்கவில்லை. மாவட்டத்துக்குள் ஓடும் பேருந்தில் இப்படி ஒருவர் இருப்பதுதான் இயல்பு. சிரமமெல்லாம், அந்த ஒருவரைப் பேச்சு வழியே தேடிப் பிடிப்பதில்தான்.

அந்தத் தேடலைத்தான் பெரியவர் செய்தார், கைதேர்ந்தவர் மாதிரி. 'எதுவரைக்கும்' என்ற கேள்வியால் மாவட்டத்தைக் கோபி வட்டாரமாகச் சுருக்கினார். 'கோபில எங்கே' என்று கேட்டு ஒரே ஊருக்குக் கொண்டுவந்தார். பிறகு யாரைச் சொன்னார்? மச்சினன் வீட்டுப் பக்கத்து வீட்டுக்காரரையோ அவர் மகளையோ சொல்லவில்லை. உரக்கடைக்காரரைச் சொன்னார். வெள்ளாமை பண்ணுகிற ஊரில் உரக்கடைக்காரரைத் தெரியாதவர் யார்? ரைஸ்மில்காரர், வாத்தியார், ஊசி போடும் டாக்டர், டவுன்பஸ் கண்டக்டர் என்று ஆயிரம் பேருக்குத் தெரிந்த ஆளாகப் பார்த்துச் சொன்னால் பொருந்தும் வாய்ப்புப் பல மடங்கு கூடும். இப்படிப்பட்டவர்களை 'முடிச்சு மனிதர்கள்' எனலாம்.

மில்கிராமும் ஜெஃப்ரி ட்ராவர்ஸும் 1969-இல் எழுதிய ஆய்வில் இதற்கு நல்ல சாட்சி இருக்கிறது. பாஸ்டன் பக்கத்திலிருந்த ஒரு பங்குத் தரகருக்கு ஒரு கடிதக் கட்டு போய்ச் சேரவேண்டும், ஆனால் நேராக அனுப்பக்கூடாது, அவரவர் தமக்கு நன்றாகத் தெரிந்தவர் கையில் மட்டும் மாற்றி மாற்றி விடலாம் என்று விதி வைத்தார்கள். கடைசியில் 64 கட்டுகள் போய்ச் சேர்ந்தன. இடையில் சராசரியாக ஐந்து பேர். அந்த 64-இல் 16 ஒரே ஆளின் கை வழியாக வந்திருந்தன. அவர் யாரென்று நினைக்கிறீர்கள்? தரகர் வசித்த ஊரின் துணிக்கடைக்காரர். ஈரோட்டுக்காரர்களுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இருக்காது.

வடிகட்டி

மேலே போட்ட கணக்கில் ஒன்றை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். தொடர்புகள் சீட்டுக் குலுக்கிப் போட்ட மாதிரி சிதறிக் கிடப்பதில்லை. ஊர் வாரியாக, தொழில் வாரியாக, சாதி வாரியாகக் கொத்துக் கொத்தாகக் கிடக்கின்றன. ஆகவே ஒரே சமூகத்தைச் சேர்ந்த இருவர் பக்கத்தில் உட்கார்ந்தால் பொது ஆள் ஒன்றென்ன, முப்பது பேர்கூடத் தேறலாம். வேறு வேறு சமூகம் என்றால், ஒரே ஊரின் இரண்டு தெருவாக இருந்தாலும் ஒன்றும் தேறாமல் போகலாம். 'உலகம் சின்னது' என்ற சந்தோஷம் எல்லோருக்கும் சரிசமமாகக் கிடைப்பதில்லை.

லெவின்சனின் இன்னொரு கட்டுரை, 1982-இல் வந்தது, மேற்குத் தமிழ்நாட்டில் சாதி அடுக்கும் பேச்சும் பின்னிக் கிடப்பதைப் பற்றியது. யார் யாரை எப்படி அழைக்கிறார்கள், யாருக்கு மரியாதைப் பன்மை போகிறது, யாருக்குப் போவதில்லை என்று கவனித்தாலே ஊரின் மேல்கீழ் தெரிந்துவிடும். ஆள் தெரியாத பேருந்தில் எல்லோருக்கும் தாராளமாகக் கிடைக்கிற 'ங்க', ஆள் இன்னார் என்று தெரிந்ததும் சிலரிடம் மட்டும் தேய்ந்து காணாமல் போவதை நாமும் பார்த்திருக்கிறோம்.

அதனால்தான் 'எந்தூருங்க'வுக்கு அடுத்த கேள்வி முக்கியமாகிறது. "கூகலூருல எந்தப் பக்கங்க?" "எந்த வீதிங்க?" "குலதெய்வம் எந்தக் கோயலுங்க?" கேட்பவர் வெகுளியாகவே கேட்டிருக்கலாம். ஆனால் கேட்கப்படுகிறவருக்கு அது எங்கே போகிறது என்று தெரியும். சிலர் கோபி என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்வது கர்வத்தால் இல்லை. அந்த வடிகட்டியில் சிக்காமல் ஒரு மணி நேரம் நிம்மதியாகப் பயணம் செய்ய விரும்புகிறார்கள், அவ்வளவுதான்.

பெண்களின் கணக்கும் வேறு. எப்லி குழுவினர் காத்திருப்பு அறை ஒன்றில் செய்த சோதனையில், பேச்சுக் கொடுத்தவருக்கு மட்டுமல்லாமல் பேச்சுக் கொடுக்கப்பட்டவருக்கும் நேரம் இனிமையாகவே போயிற்று. ஆனால் அது ஆய்வுக்கூடம், வேண்டாமென்றால் எழுந்து போய்விடலாம். நெரிசலான வண்டியில் நிற்கும் பெண்ணுக்கு அந்த வசதி இல்லை. அவள் காதில் மாட்டியிருக்கும் இயர்போனில் பாட்டு ஓடாமலே இருக்கலாம், அது வேலி. 2021 மே மாதம் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்று ஆனபிறகு இந்த வண்டிகளின் இடதுபுறச் சீட்டுகளில் பேச்சு கலகலக்கிறது. பெண்கள் பெண்களோடு பேசும் பேச்சு அது. பக்கத்து சீட்டுக்காரி மருமகளைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் அந்தியூர் வரை முடியாது!

இரவு ரயிலில் அவிழும் மூட்டை

ஏற்காடு எக்ஸ்பிரஸ் ஈரோட்டில் இரவு கிளம்பி விடிகாலையில் சென்னை சேரும். படுக்கையை விரிப்பதற்கு முன் கிடைக்கும் அந்த அரைமணி நேரத்தில், கூடப்பிறந்தவனிடம் சொல்லாத கடனை எதிர்சீட்டுக்காரரிடம் சொல்பவர்கள் உண்டு. பேருந்துப் பேச்சுக்கு இது நேர் எதிர். அங்கே பொது ஆளைத் தேடுகிறோம். இங்கே பொது ஆள் இல்லை என்பதே தைரியம் தருகிறது.

ஜெர்மன் சமூகவியலாளர் கியார்க் சிம்மல் 1908-லேயே இதை எழுதிவிட்டார்: நெருங்கியவர்களிடம் மறைப்பதை அந்நியரிடம் கொட்டிவிடுகிறோம், ஏனென்றால் அவர் நாளை நம் ஊரில் இருக்கப்போவதில்லை. 1975-இல் ஜிக் ரூபின் என்ற உளவியலாளர் பாஸ்டன் விமான நிலையத்தில் விமானத்துக்குக் காத்திருந்தவர்களிடம் இதைச் சோதித்தார். தன்னைப் பற்றிக் கொஞ்சம் மனம் திறந்து எழுதிக் காட்டினால் எதிராளியும் அதே அளவு திறந்து எழுதினார். ஆனால் எதிராளிக்காகவே எழுதுவதாகக் காட்டிக்கொண்டு அளவு மீறி அந்தரங்கத்தைக் கொட்டியபோது, இவன் எதற்கு இதைச் சொல்கிறான் என்று அவர் சுருங்கிக்கொண்டார்.

ஒரு எச்சரிக்கையையும் சொல்லவேண்டும். முன்பின் தெரியாதவர் தரும் தின்பண்டத்தை வாங்காதீர்கள் என்று ரயில்வே சொல்வது நியாயமானது. பேசுவதற்கு பிஸ்கட் தேவையில்லை.

இறங்கும் இடம்

பேச்சைத் தொடங்க நாம் தயங்குவதற்கு இன்னொரு காரணம், எப்படி முடிப்பது என்ற பயம். இந்தப் பயம் வீண் இல்லை. ஆடம் மாஸ்ட்ரோயானி குழுவினர் 2021-இல் 900-க்கும் மேற்பட்ட உரையாடல்களை ஆராய்ந்தபோது, பேசிய இருவருமே விரும்பிய நேரத்தில் முடிந்தவை நூற்றுக்கு இரண்டு மட்டுமே. ஒருவருக்கு வெகுநேரம் முன்பே போதும் என்று ஆகியிருக்கும், அல்லது இன்னும் கொஞ்சம் பேசியிருக்கலாம் என்று இருக்கும். எதிராளி மனம் தெரியாமல் இரண்டு பேரும் ஓட்டிக்கொண்டே இருப்பார்கள். மறுபடியும் அதே தப்புக்கணக்கு.

வீட்டுத் திண்ணையிலும் கல்யாண மண்டபத்திலும் இல்லாத ஒரு சௌகரியம் பேருந்தில் இருக்கிறது. கண்டக்டர் விசில் அடித்து "கவுந்தப்பாடியெல்லாம் எறங்குங்க" என்றால் பேச்சு முடிந்தது. யாருக்கும் மனத்தாங்கல் இல்லை. "வரட்டுங்களா?" என்று பெரியவர் எழுந்துகொள்வார். எங்கே முடியும் என்று முன்கூட்டியே தெரிந்த பேச்சைத் தொடங்குவதில் அத்தனை பயம் தேவையில்லை.

ஆகவே அடுத்த பயணத்தில் வண்டி நிற்குமா, மஞ்சள் என்ன விலைக்குப் போயிற்று, மழை அந்தப் பக்கம் உண்டா என்று பதில் சொல்லச் சுலபமான ஒன்றைக் கேட்டுப் பாருங்கள். ஒற்றைச் சொல்லில் பதில் வந்து முகம் ஜன்னல் பக்கம் திரும்பினால் விட்டுவிடுங்கள். பேச்சு வளர்ந்தால் ஊர்ப்பெயரைக் கேளுங்கள். தெருப்பெயரைக் கேட்காதீர்கள்.